வீட்டுக்குள் போக விடுவார்களா என்று முதலில் கேளுங்கள்

போன மாதம் கோயம்புத்தூரிலிருந்து ஒரு தங்கை வேலை விளம்பரம் ஒன்றை அனுப்பியிருந்தாள். முனைவர் பட்ட ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருப்பவள். "அக்கா, இதுக்குப் போடலாமா? இதுல உண்மையா என்ன வேலை செய்யச் சொல்வாங்க?" என்று கேட்டிருந்தாள். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இரண்டு வருட போஸ்ட்டாக், அதாவது முனைவர் பட்டத்துக்குப் பிறகு செய்யும் தற்காலிக ஆய்வு வேலை. கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் இருக்கும் வீடுகளுக்குச் செவிலியரோ பயிற்சி பெற்ற பணியாளரோ மாதக்கணக்கில், சில இடங்களில் வருடக்கணக்கில், தொடர்ந்து போய்வருகிற சேவைகளைப் பற்றிய ஆராய்ச்சி. இதே துறையில் நான் மூன்று வருடம் போஸ்ட்டாக்காக இருந்திருக்கிறேன். வாட்ஸப்பில் பதில் எழுத ஆரம்பித்தது நீண்டுகொண்டே போனது. அவளைப் போல இன்னும் நாலு பேராவது கேட்டிருக்கிறார்கள் என்பதும் நினைவுக்கு வந்தது. சரி, இங்கேயே எழுதிவிடலாம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்தச் சேவையை விளக்க அதிக நேரம் தேவையில்லை. என் அக்கா முதல் பிரசவத்துக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, கிராம சுகாதாரச் செவிலியர், அதாவது ஊருக்கெல்லாம் நர்சம்மா, முதல் ஒன்றரை மாதத்துக்குள் நாலைந்து தடவை வந்தார். குழந்தையைத் துணியில் போட்டுத் தொங்கு தராசில் எடை பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், பால் கட்டியிருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டார். ஆனால் முக்கியமான பேச்சு முழுவதும் திண்ணையில் உட்கார்ந்திருந்த எங்கள் பாட்டியோடுதான். சேனை தொட்டு வைக்க வேண்டாம், சர்க்கரைத் தண்ணி கொடுக்க வேண்டாம் என்று அக்காவிடம் சொல்லிப் பயனில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த வீட்டில் குழந்தையின் வாய்க்குள் என்ன போகலாம் என்று முடிவு செய்கிறவர் பாட்டி. முதல் பத்து நிமிடம் பாட்டியின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டுவிட்டு அப்புறம்தான் சேனைப் பேச்சை எடுத்தார். பல வருடம் கழித்து அமெரிக்கத் திட்டங்களின் பயிற்சிக் கையேடுகளைப் புரட்டியபோது, பெரும்பாலும் தாயை நோக்கியே எழுதப்பட்டிருந்த அந்தப் பக்கங்களைப் பார்த்து எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் திண்ணைதான்.

அமெரிக்காவில் இந்த ஆராய்ச்சியின் கதை, நியூயார்க் மாநிலத்தின் எல்மைரா என்ற சிறு நகரத்தில், 1970-களின் கடைசியில் தொடங்குகிறது என்று சொல்லலாம். டேவிட் ஓல்ட்ஸ் என்ற உளவியலாளர் முதல் குழந்தையைச் சுமந்திருந்த 400 பெண்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினர் வீட்டுக்கு கர்ப்ப காலத்திலிருந்து குழந்தையின் இரண்டாவது பிறந்தநாள் வரை செவிலியர்களை அனுப்பினார். பெரும்பாலானவர்கள் ஏழைகள், அல்லது பதின்வயதினர், அல்லது திருமணமாகாதவர்கள். பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, செவிலியர் போய்வந்த குடும்பங்களில் குழந்தைகளைத் துன்புறுத்தியதாகவோ புறக்கணித்ததாகவோ பதிவான புகார்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தன. அதன் பிறகு மெம்ஃபிஸ், டென்வர் என்று ஆய்வுகள் தொடர்ந்தன. டென்வரில் ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்டார்கள்: செவிலியருக்குப் பதிலாக, அதே பகுதியிலிருந்து வந்த, மருத்துவப் படிப்பு இல்லாத பணியாளர் போனால் என்ன ஆகும்? அவர்களாலும் பலன் இருந்தது, ஆனால் பல விஷயங்களில் செவிலியர்கள் கொண்டுவந்த பலனில் பாதியளவுதான்.

2010-ல் ஒபாமா காலத்துச் சுகாதாரச் சட்டத்தோடு சேர்ந்து, வீடு தேடிப் போகும் இந்தச் சேவை தேசியத் திட்டமானது. அதன் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துத் துறையில் எல்லாரும் 'மிக்வி' என்றுதான் சொல்வார்கள், விளம்பரங்களில் இந்தச் சொல் அடிக்கடி வரும், தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் அதைப் புதுப்பித்தபோது 2023-க்கு 50 கோடி டாலர் என்று தொடங்கி 2027-ல் 80 கோடி டாலர் வரை உயரும்படி எழுதினார்கள். பணம் மாநிலங்களுக்குப் போகிறது, மாநிலங்கள் பெரும்பாலும் பலன் நிரூபிக்கப்பட்ட திட்டங்களாகத் தேர்ந்தெடுத்து நடத்த வேண்டும், அந்தப் பணத்தில் ஒரு பங்கைச் சட்டமே ஆராய்ச்சிக்கும் மதிப்பீட்டுக்கும் ஒதுக்கிவைக்கிறது. போஸ்ட்டாக் வேலைகளில் பலவும் முளைப்பது இந்த இடத்தில்தான். ஒரு மாநிலம் தன் திட்டத்தை மதிப்பிடப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போடும், அங்கே இருக்கும் பேராசிரியருக்கு ஆள் தேவைப்படும், விளம்பரம் வரும்.

இனி, உள்ளே என்ன வேலை என்ற கேள்விக்கு வருகிறேன்.

நான் முதலில் சேர்ந்த இடத்தில், நேர்காணலின்போது, களப்பணி நிறைய இருக்கும் என்று சொன்னார்கள். சேர்ந்த பிறகு பதினான்கு மாதம் நான் ஒரு வீட்டு வாசலைக்கூடப் பார்க்கவில்லை. பணியாளர்கள் டேப்லெட்டில் நிரப்பி அனுப்பும் படிவங்களைச் சுத்தம் செய்வதுதான் என் வேலை. விசிட் நடந்ததா, எத்தனை நிமிடம், பாடத்திட்டத்தில் எந்தப் பகுதி, தாய்க்கு மனச்சோர்வுக் கேள்விகள் பத்தும் கேட்கப்பட்டதா, ஆம், இல்லை, ஆம், இல்லை. சுத்தம் செய்வது கேவலமான வேலை இல்லை, அதில் நிறையக் கற்றுக்கொண்டேன். ஆனால் எந்தக் கட்டம் ஏன் காலியாக இருக்கிறது என்று தெரியாமலே அதை நிரப்புவதற்குப் புள்ளியியல் உத்திகளைத் தேடிக்கொண்டிருந்தேன் என்பது இப்போது நினைத்தாலும் எனக்கு உறுத்துகிறது.

கடைசியில் கெஞ்சிக் கேட்டு ஒரு பணியாளரோடு போனேன். இரண்டாவது மாடி, ஒரு படுக்கையறை வீடு, ஏழு மாதக் குழந்தை தரையில் குப்புறப் படுத்து ஒரு மூடியை உருட்டிக்கொண்டிருந்தது. அன்றைய பாடம், குழந்தையின் சத்தங்களுக்குத் தாய் பதில் கொடுப்பது. பணியாளர் துணிப் புத்தகம், கிலுகிலுப்பை எல்லாம் கொண்டுவந்திருந்தார். உள்ளே நுழைந்ததும் அந்தப் பெண் ஒரு தாளை நீட்டினாள், வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச் சொல்லும் நோட்டீஸ். பணியாளர் பையைத் திறக்கவே இல்லை. தரையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணோடு சேர்ந்து வீட்டுக்காரருக்குப் போன், சட்ட உதவி மையத்துக்குப் போன், மாவட்ட அலுவலகத்துக்குப் போன். நடுவில் அந்தப் பெண் அழுதபோது, பணியாளர் குழந்தையைத் தூக்கி அவள் மடியில் வைத்தார், அவ்வளவுதான், எதுவும் சொல்லவில்லை. குழந்தை அவள் கன்னத்தைத் தட்டியது, அவள் அழுதுகொண்டே அதற்கு என்னவோ சொன்னாள், அது பதிலுக்குக் கத்தியது. எழுபது நிமிடம் ஆனது. வெளியே வந்து காரில் உட்கார்ந்து பணியாளர் படிவத்தை நிரப்பினார்: விசிட் முடிந்தது, பாடப்பகுதி நடத்தப்படவில்லை.

அந்த வரியைப் போல ஆயிரக்கணக்கான வரிகளைப் பதினான்கு மாதமாகப் பார்த்திருந்தேன். 'திட்டப்படி நடக்காத விசிட்' என்று அவற்றை ஒரு மூட்டையாகக் கட்டிவைத்ததும் நான்தான். அன்றைக்கு நடந்ததைத் தோல்வி என்று எழுதலாமா, அந்த மடியில் வைத்த செயலை எந்தக் கட்டத்தில் எழுதுவது? இந்தத் துறையில் இன்று உயிரோடு இருக்கும் கேள்வி இதுதான் என்று நான் நம்புகிறேன்.

ஏனென்றால், 'வீடு தேடிப் போனால் பலன் உண்டா' என்ற பழைய கேள்விக்குக் கிடைத்திருக்கும் பதில்கள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. ஓல்ட்ஸின் அதே திட்டத்தை இங்கிலாந்தில் 1,600-க்கும் அதிகமான பதின்வயதுத் தாய்மாரிடம் சோதித்தார்கள், முடிவு 2016-ல் வந்தது: புகைப்பழக்கம், குழந்தையின் பிறப்பு எடை, இரண்டு வருடத்துக்குள் அடுத்த கர்ப்பம், அவசர மருத்துவமனைச் சேர்க்கை என்று முதன்மையாக எடுத்துக்கொண்ட எதிலும் பலன் தெரியவில்லை. அங்கே எல்லாத் தாய்மாருக்கும் பேறுகாலச் செவிலியரும் வீட்டுக்கு வரும் சுகாதாரப் பணியாளரும் ஏற்கெனவே உண்டு, அதனால் ஒப்பீட்டுக் குழு வெறுங்கையோடு இருந்த குழு கிடையாது. அமெரிக்காவிலேயே தெற்கு கரோலைனாவில் 5,670 பெண்களோடு நடந்த சோதனையிலும் பிறப்பு சார்ந்த முடிவுகளில் வித்தியாசம் இல்லை என்று 2022-ல் வெளிவந்தது. மைஹோப் என்ற தேசிய மதிப்பீட்டில் 12 மாநிலங்கள், 88 உள்ளூர்த் திட்டங்கள், 4,229 குடும்பங்கள். பலன்கள் இருந்தன, ஆனால் சராசரியில் சிறியவை.

இதற்கு நேர் எதிராக ஜமைக்கா இருக்கிறது. 1986-87-ல் கிங்ஸ்டனின் ஏழைப் பகுதிகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாத 129 குழந்தைகளைச் சாலி கிரந்தம்-மெக்ரெகரின் குழு எடுத்துக்கொண்டது. சில குழந்தைகளுக்குச் சத்துப்பால், சிலருக்கு வாரம் ஒரு மணி நேரம் சுகாதார உதவியாளர் வீட்டுக்கு வந்து தாயோடு சேர்ந்து விளையாட வைப்பது, சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவும் இல்லை. பொம்மைகள் பழைய பிளாஸ்டிக் பாட்டிலையும் அட்டையையும் வைத்து அவர்களே செய்தவை. இரண்டு வருடம்தான். இருபது வருடம் கழித்து, வீட்டில் விளையாட வைக்கப்பட்ட பிள்ளைகளின் வருமானம் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகமாக இருந்தது என்று 2014-ல் எழுதினார்கள். அந்த மாதிரியை வைத்துத்தான் கொலம்பியா, பங்களாதேஷ், பெரு, இந்தியா என்று எத்தனையோ முயற்சிகள் நடந்தன. ஆனால் 129 குழந்தைகளிடம் கவனமாகச் செய்ததை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோகும்போது பலன் இளைத்துப்போகிறது. பிரேசில் 2016-ல் அரசுத் திட்டமாகவே தொடங்கி நாடு முழுவதும் விரித்தது, 30 நகராட்சிகளில் செய்த சோதனையில் குழந்தைகளின் வளர்ச்சியில் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. பணியாளர்கள் அடிக்கடி மாறினார்கள், விசிட்டுகள் விட்டுப்போயின, அப்புறம் கொரோனா வந்து கதவுகளையே மூடிவிட்டது.

இந்த முடிவுகளைப் படித்துவிட்டு மனம் சோர்ந்துபோக வேண்டாம். போஸ்ட்டாக்காக வருகிறவருக்கு இடம் இருப்பதே இங்கேதான். யார் வீட்டில், யார் போய், எதைச் செய்தால், எவ்வளவு நாளில் பலன் வருகிறது என்று பிரித்துப் பார்க்கும் வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஆன் டுகன் போன்றவர்கள் கட்டியெழுப்பிய ஆய்வுக் கூட்டமைப்பு பல வருடமாக இந்தத் திசையில்தான் தள்ளிக்கொண்டிருக்கிறது, எல்லா வீட்டுக்கும் ஒரே பொட்டலம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. எல்மைரா தரவிலேயே இதற்கு ஒரு தடயம் இருந்தது: துணைவரின் வன்முறை மிக அதிகமாக இருந்த வீடுகளில் குழந்தைப் புகார்கள் குறையவே இல்லை. செவிலியர் குறைவாக உழைத்தார் என்று அதற்கு அர்த்தம் இல்லை. அந்த வீட்டில் தீர்க்க வேண்டிய விஷயம் வேறாக இருந்தது.

டர்ஹாமில் செய்ததை நேர்காணலுக்குப் போகும் எல்லாரையும் நான் படிக்கச் சொல்வேன். வட கரோலைனாவின் அந்த மாவட்டத்தில் 2009 ஜூலை முதல் 2010 டிசம்பர் வரை பிறந்த குழந்தைகள் 4,777 பேர். இரட்டைப்படைத் தேதியில் பிறந்த குழந்தையின் வீட்டுக்குச் செவிலியர் போவார், ஒற்றைப்படை என்றால் வழக்கமான சேவை மட்டும். ஏழை, பணக்காரர் என்று பார்க்கவில்லை, எல்லாக் குடும்பமும். யாரையும் தனியாக அடையாளப்படுத்தாததால் கதவைத் திறப்பதில் அவமானம் இல்லை. 'உங்கள் வீட்டில் பிரச்சினை இருக்கிறது, அதனால் வருகிறோம்' என்று சொல்லிக் கதவைத் தட்டுவதற்கும் 'எல்லார் வீட்டுக்கும் வருகிறோம்' என்று தட்டுவதற்கும் உள்ள வித்தியாசம் பெரிது. இன்னொன்றும் உண்டு, அமெரிக்காவில் குழந்தை துன்புறுத்தப்படுகிறது என்ற சந்தேகம் வந்தால் இந்தப் பணியாளர்கள் சட்டப்படி புகார் செய்தே ஆக வேண்டும். உதவிக்கு வருகிறவரே புகார் கொடுக்கவும் கூடியவர். இது தெரிந்த ஒரு தாய், அதிலும் குடியேறி வந்த தாய், எவ்வளவு மனம் திறப்பாள்? இதை ஆராய வேண்டுமானால் அவள் மொழி தெரிந்த ஆள் வேண்டும். நம் பெண்கள் இதற்கு நிறையக் கொண்டுவர முடியும் என்று நான் நினைக்கிறேன்.

சரி, நடைமுறை விஷயங்கள். அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் டி32 என்ற பயிற்சி மானியத்தில் வரும் போஸ்ட்டாக் இடங்களும் எஃப்32 என்ற தனிநபர் நிதியும் குடியுரிமையோ நிரந்தர வசிப்புரிமையோ இல்லாதவர்களுக்குக் கிடையாது. விளம்பரத்தில் டி32 என்று இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம், நேரம் மிச்சம். பேராசிரியரின் ஆய்வு மானியத்திலிருந்து சம்பளம் தரும் இடங்களுக்கு அந்தத் தடை இல்லை. கே99 என்ற, போஸ்ட்டாக்கிலிருந்து உதவிப் பேராசிரியர் பணிக்குப் பாலம் போடும் நிதிக்கும் குடியுரிமை தேவையில்லை, ஆனால் போஸ்ட்டாக் தொடங்கி நாலு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும், அதனால் முதல் நாளிலிருந்தே நாள் எண்ண வேண்டியிருக்கும். ஊதியத்துக்கு ஓர் அளவுகோல்: 2024-ல் அந்த நிறுவனம் முதல் வருட போஸ்ட்டாக்குக்கு வைத்த தொகை வருடத்துக்கு 61,008 டாலர். பெரிய நகரத்தில் குழந்தையோடு இது போதாது, அங்கே குழந்தைகள் காப்பகக் கட்டணம் வாடகைக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். குழந்தை வளர்ப்பைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வருகிறவர்கள் தங்கள் குழந்தையை ஊரில் அம்மாவிடம் விட்டுவிட்டு வருவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை எழுதாமல் கடக்க முடியவில்லை.

விசா பெரும்பாலும் ஜே-1, ஆய்வாளருக்கு அதிகபட்சம் ஐந்து வருடம். இந்திய, அமெரிக்க அரசுகள் சேர்ந்து தரும் ஃபுல்பிரைட்-நேரு நிதியில் போனால் முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, கையெழுத்துப் போடும் முன் அதை வீட்டில் உள்ளவர்களோடும் பேசிவிடுங்கள். அப்புறம், 2025-ல் அங்கே ஏராளமான ஆய்வு மானியங்களைப் பாதியில் நிறுத்தினார்கள், அதனால் 'இந்தப் பணம் எந்த மானியத்திலிருந்து வருகிறது, எந்த மாதம் வரை இருக்கிறது' என்று கேட்பதில் கூச்சமே படக் கூடாது.

அமெரிக்கா மட்டும்தான் என்றும் இல்லை. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா, டாஸ்மேனியா மாநிலங்களில் செவிலியர் வீடு தேடிப் போவதைப் பற்றி 722 பெண்களோடு நடந்த ரைட் அட் ஹோம் ஆய்வு மெல்பர்னில் மர்டாக் குழந்தைகள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பின்னணியில் நடந்தது, சிட்னி பக்கம் லின் கெம்ப் என்ற ஆய்வாளர் உருவாக்கிய இதே மாதிரித் திட்டம் இருக்கிறது. ஐரோப்பாவில் ஐரோப்பிய ஒன்றியம் தரும் மேரி கியூரி ஆய்வு நிதிக்கு முனைவர் பட்டம் பெற்று எட்டு வருடத்துக்குள் போடலாம், போகும் நாட்டில் கடந்த மூன்று வருடத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இருந்திருக்கக் கூடாது.

நம் நாட்டுக்கு வரும்போது எனக்கு ஆதங்கமே வருகிறது. மகாராஷ்டிராவின் கட்சிரோலியில் அபய் பங்க், ராணி பங்க் தம்பதி கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீட்டிலேயே பச்சிளங்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வைத்து, அந்தக் கிராமங்களில் பிறந்த ஒரு மாதத்துக்குள் நடக்கும் மரணங்களை 62 சதவீதம் குறைத்ததை 1999-ல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள். அந்த அனுபவத்திலிருந்துதான் 2011-ல் நாடு முழுவதற்கும் திட்டம் வந்தது, பிறந்த 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் ஆஷா என்ற கிராமச் சுகாதாரப் பணியாளர் வீட்டுக்குப் போக வேண்டும். 2018-ல் அதை நீட்டி 3, 6, 9, 12, 15-ஆம் மாதங்களிலும் போகச் சொன்னார்கள். தமிழ்நாட்டில் இந்த வேலையில் பெரும்பங்கு கிராம சுகாதாரச் செவிலியர் தோளில் இருக்கிறது, ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு ஐந்தாயிரம் பேர் என்பது கணக்கு. அவர்கள் அந்த வீட்டில் என்ன பேசுகிறார்கள், யாரிடம் பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள், பதிவேட்டை நிரப்பும் நேரம் போகக் குழந்தையைப் பார்க்க எத்தனை நிமிடம் மிஞ்சுகிறது? அமெரிக்காவில் ஒரு விசிட்டை வீடியோ எடுத்து, பணியாளர் தாயையும் குழந்தையையும் எப்படிச் சேர்த்துவைக்கிறார் என்று மதிப்பெண் போடும் அளவுகோலே வைத்திருக்கிறார்கள். அதை அப்படியே கொண்டுவந்தால் எங்கள் நர்சம்மாவுக்குக் குறைந்த மதிப்பெண்தான் கிடைக்கும், ஏனென்றால் அவர் தாயிடம் அதிகம் பேசவில்லை, பாட்டியிடம் பேசினார். திண்ணைக்கும் சேர்த்து அளவுகோல் செய்ய யாராவது வர வேண்டும். இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் சேர்ந்து தரும் டிபிடி-வெல்கம் கூட்டு நிதியின் இளம் ஆய்வாளர் பிரிவில் பொதுச் சுகாதாரத்துக்கும் இடம் உண்டு, இந்தக் கேள்வியை அங்கே கொண்டுபோகலாம்.

கோயம்புத்தூர்த் தங்கைக்கு நான் கடைசியில் சொன்னது: விண்ணப்பம் போடு. ஆனால் நேர்காணலில் அவர்கள் "ஏதாவது கேள்வி இருக்கிறதா" என்று கேட்கும்போது சம்பளத்துக்கு முன்னால் இதைக் கேள். முதல் ஆறு மாதத்தில் நான் எத்தனை விசிட்டுக்குக் கூடப் போவேன், யாரோடு, அதற்கான நெறிமுறைக் குழு அனுமதி வாங்கியாகிவிட்டதா? களப்பணி இருக்கும் என்று பொதுவாகச் சொன்னால் நம்பாதே, எண்ணிக்கை கேள், நியமனக் கடிதத்தில் எழுதித் தர முடியுமா என்று கேள். எனக்கு முன்னால் இந்த இடத்தில் இருந்தவரோடு பத்து நிமிடம் பேசலாமா என்றும் கேள். கட்டுரைகளில் வீட்டுக்குப் போகும் பணியாளர்களின் பெயர் ஆசிரியர் வரிசையில் எப்போதாவது வந்திருக்கிறதா என்று நீயே தேடிப் பார், அந்தக் குழு அவர்களை எப்படி நடத்துகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

நேற்று பதில் அனுப்பியிருந்தாள். கேட்டாளாம். அந்தப் பேராசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, மாதத்துக்கு நாலு விசிட், ஆனால் முதல் இரண்டு மாதம் வெறுமனே கூட உட்கார்ந்திருக்க வேண்டும், குறிப்பேடு எடுக்கக் கூடாது என்றாராம். "போகட்டுமா அக்கா?" என்கிறாள். குறிப்பேடு எடுக்கக் கூடாது என்று சொல்கிற ஆளிடம் தாராளமாகப் போகலாம் என்று எழுதியிருக்கிறேன்.